முதல் ஹார்ட்கோர் ஷோவுக்குப் போகிறவர்களுக்கு: டிக்கெட், ஐடி, இயர்ப்ளக், மற்றதெல்லாம்

மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்த நம் பிள்ளைகளில் சிலர் ஹார்ட்கோர் பங்க் (வேகமும் கனமும் ஆவேசக் குரலும் கலந்த ராக் இசை) கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் காரணம் ஒரே ஆல்பம்தான்: பால்டிமோர் நகரத்து டர்ன்ஸ்டைல் குழுவின் ‘குளோ ஆன்’. கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி, “இதை நேரில் பார்க்க என்ன செய்யணும்?” அதற்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. பழைய ஆட்களுக்கு இதெல்லாம் பதினைந்து வயதிலேயே பழகிவிட்டது, விளக்கிச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றாது. நான் ஒவ்வொன்றாக முட்டி மோதித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகப் போடுகிறேன். பால்டிமோர், வாஷிங்டன், பிலடெல்பியா வட்டாரத்தை வைத்து எழுதுகிறேன். அமெரிக்காவின் மற்ற ஊர்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

1. முதலில் 35 நிமிடம் ஒதுக்குங்கள்

‘குளோ ஆன்’ 2021 ஆகஸ்ட் 27 அன்று ரோட்ரன்னர் இசை நிறுவனத்தின் வழியாக வந்தது. 15 பாட்டு, மொத்தமே சுமார் 35 நிமிடம். பாட்டுகளைக் கலைத்துப் போடாமல் முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். முதல் பாட்டு ‘மிஸ்டரி’ சின்தசைசர் ஒலியோடு மின்ன ஆரம்பித்து, நீங்கள் அசந்திருக்கும் நேரத்தில் கிட்டார் வந்து விழும். ‘ஹாலிடே’, ‘பிளாக்கவுட்’, ‘டோன்ட் பிளே’ மூன்றும் ஷோவில் கூட்டத்தை எழுப்புகிற பாட்டுகள். ‘ஏலியன் லவ் கால்’ நேர்மாறு. பிளட் ஆரஞ்ச் என்ற பெயரில் பாடும் டெவ் ஹைன்ஸ் சேர்ந்து பாடிய மெதுவான பாட்டு அது. தயாரிப்பாளர் மைக் எலிசாண்டோ ஹிப்ஹாப் உலகிலும் நிறைய வேலை செய்தவர். தாளம் நெஞ்சில் இறங்குகிற அளவுக்குக் கனமாக இருப்பதில் அவர் கை தெரிகிறது.

இந்த ஆல்பம் 2023 கிராமியில் 3 பரிந்துரைகள் வாங்கிக் கொடுத்தது. அடுத்த ஆல்பம் ‘நெவர் எனஃப்’ 2025 ஜூன் 6 அன்று வந்தது. “இதெல்லாம் ஹார்ட்கோரே இல்லை” என்று ஷோவில் ஒருவராவது உங்களிடம் சொல்வார். அந்த வாக்குவாதத்தில் இறங்காதீர்கள், விடிந்தாலும் முடியாது. என்னைக் கேட்டால், பாட்டில் இனிமை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை. ரேடியோவில் ஓடுகிற அளவுக்குப் பெரிதான பிறகும் 2025 மே 10 அன்று பால்டிமோரின் வைமன் பார்க் டெல் பூங்காவில் இதே குழு இலவசமாக வாசித்து, வீடற்றோருக்கு மருத்துவ உதவி செய்யும் அமைப்புக்கு நன்கொடை திரட்டியது. ஹார்ட்கோர் என்று நான் நினைப்பது அதைத்தான்.

ஆல்பத்துக்கு அடுத்து ‘ஹேட்ஃபைவ்சிக்ஸ்’ யூடியூப் சானலுக்குப் போங்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த சன்னி சிங் பல ஆண்டுகளாகப் பல கேமரா வைத்து ஹார்ட்கோர் ஷோக்களை முழுசாகப் படம்பிடித்து இலவசமாகப் போடுகிறார். இரண்டு மூன்று வீடியோ பார்த்தாலே கூட்டம் எங்கே ஆடுகிறது, எங்கே ஒதுங்கி நிற்கிறது, மேடையிலிருந்து எப்படிக் குதிக்கிறார்கள் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். இந்தக் கட்டுரையின் 8ஆம் பகுதி அப்போது எளிதாகப் புரியும்.

2. பெரிய குழுவைத் தேடாதீர்கள், சின்ன இடத்தைத் தேடுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டர்ன்ஸ்டைல் எப்போது வரும் என்று காத்திருந்து, பல ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கத்தில் காசு கொட்டிக் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, “பரவாயில்லை, நல்லாத்தான் இருந்தது” என்று திரும்புவார்கள். அது நல்ல கச்சேரியாக இருக்கலாம், ஆனால் இந்த இசை உயிரோடிருக்கிற இடம் அதுவல்ல. சில நூறு பேர் கொள்ளும் அறையில், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே தடுப்பு இல்லாமல், ஒரே ராத்திரியில் நாலைந்து குழுக்கள் வாசிக்கிற ஷோவுக்குப் போங்கள். பால்டிமோரில் ஆட்டோபார், வாஷிங்டனில் பிளாக் கேட், பிலடெல்பியாவில் ஃபர்ஸ்ட் யூனிடேரியன் தேவாலயத்தின் அடித்தளம் மாதிரியான இடங்களைச் சொல்கிறேன். ஆம், தேவாலயத்தின் அடித்தளம்தான். பல வருடமாக அங்கே ஷோ நடக்கிறது.

யாரைப் பார்ப்பது? பால்டிமோரில் என்ட் இட், ஏஞ்சல் டஸ்ட், டிராப்ட் அண்டர் ஐஸ். கடைசியாகச் சொன்ன குழுவில்தான் டர்ன்ஸ்டைல் பாடகர் பிரெண்டன் யேட்ஸ் டிரம்ஸ் வாசித்தார். பிலடெல்பியாவின் சோல் குளோ 2022இல் எபிடாஃப் இசை நிறுவனம் வழியாக வெளியிட்ட ‘டயஸ்போரா பிராப்ளம்ஸ்’ என் கணக்கில் ‘குளோ ஆனை’விடக் கனமான ஆல்பம். கடன், நிறவெறி, மனச்சோர்வு எல்லாம் ஒரே மூச்சில் கொட்டும். சிட்னியிலிருந்து ஸ்பீட் குழு இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தால் விடாதீர்கள். பாடகர் ஜெம் சியாவ் புல்லாங்குழல் ஆசிரியர், ஒரு பாட்டில் நடுவே குழலை எடுத்து ஊதுவார்.

இன்னொரு வகையும் உண்டு: யாராவது தங்கள் வீட்டிலேயே நடத்துகிற வீட்டு ஷோ. போஸ்டரில் நேரம் இருக்கும், முகவரி இருக்காது. “பங்க் ஆள் யாரையாவது கேள்” என்று மட்டும் போட்டிருக்கும். கேலி இல்லை, அப்படியே செய்ய வேண்டியதுதான்: வாசிக்கிற குழுவுக்கு இன்ஸ்டாகிராமில் மரியாதையாக ஒரு வரி அனுப்பினால் முகவரி வரும். அதைப் பொதுவில் பகிராதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால் அந்த வீட்டில் ஷோ அதோடு முடிந்தது. முதல் தடவைக்கு வீட்டு ஷோ வேண்டாம், இரண்டு மூன்று கிளப் ஷோ பார்த்த பிறகு போங்கள்.

3. டிக்கெட்

சின்ன கிளப் ஷோ என்றால் பொதுவாக 20 முதல் 35 டாலர். வீட்டு ஷோவுக்கு வாசலில் 10, 15 டாலர் பணமாகக் கேட்பார்கள். கையில் இல்லாவிட்டாலும் பல இடங்களில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஃபெஸ்டிவல்கள் தனிக் கணக்கு. பிலடெல்பியாவின் ‘திஸ் இஸ் ஹார்ட்கோர்’, லாஸ் ஏஞ்சலஸின் ‘சவுண்ட் அண்ட் ஃபியூரி’ போன்றவற்றுக்குப் பாஸே 100 டாலரைத் தாண்டும். ஓட்டல், பயணம், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். முதல் வருடத்தில் அதெல்லாம் தேவையில்லை.

கூகிளில் குழுவின் பெயரைப் போட்டுத் தேடினால் மேலே வருகிற முதல் இணைப்பு பெரும்பாலும் மறுவிற்பனைத் தளத்தின் விளம்பரம். 25 டாலர் டிக்கெட் அங்கே 70 டாலர் என்று நிற்கும், அசல் இடத்தில் இன்னும் தீர்ந்தே இருக்காது. எப்போதும் அந்த அரங்கின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருக்கிற பொத்தானை அழுத்தி வாங்குங்கள். 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களையெல்லாம் சேர்த்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. கடைசிப் பக்கத்தில் திடீரென்று தொகை ஏறினால் அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கையில் இல்லாத டிக்கெட்டை முன்கூட்டி விற்பதை மேரிலாந்து 2024இலேயே தடை செய்துவிட்டது, ஆனாலும் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள்.

சில டிக்கெட்டுகளில் பார்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வாசலில் சிக்னல் கிடைக்காமல் தவிக்கிறவர்களை ஒவ்வொரு ஷோவிலும் பார்க்கலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே டிக்கெட்டை ஃபோன் வாலெட்டில் ஏற்றிவிடுங்கள்.

4. ஐடி: இதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள்

டிக்கெட் பக்கத்தில் வயது வரம்பு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லா வயதினருக்கும், 16க்கு மேல், 18க்கு மேல், 21க்கு மேல் என்று நாலு வகை உண்டு. ஹார்ட்கோர் ஷோக்களில் பெரும்பாலானவை முதல் வகை. கூட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பதற்குக் காரணம் அதுதான். இந்த இசை நாற்பது வருடம் தாண்டியும் கிழடு தட்டாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம் என்பேன். பதினாறு வயதில் முன்வரிசையில் நின்றவர்கள் பதினெட்டில் குழு ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எல்லா வயதினருக்குமான ஷோ என்றால், செல்லுபடியாகும் ஐடி இல்லாவிட்டாலும் பொதுவாக உள்ளே விடுவார்கள். 21 வயது ஆகவில்லை, அல்லது ஆனதைக் காட்ட முடியவில்லை என்றால் இரண்டு கையிலும் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். உங்களுக்கு மது விற்க மாட்டார்கள், அவ்வளவுதான். முப்பது வயதுக்காரர் கையிலும் இந்தக் குறியைப் பார்த்தால் குழம்பாதீர்கள். மது, புகை, போதை எதுவும் தொடாத ஸ்ட்ரெய்ட் எட்ஜ் ஆட்கள் அதைத் தாங்களாகவே போட்டுக்கொள்வார்கள். “குடிக்கிற கூட்டத்தோட எதுக்குப் போறே?” என்று ஊரிலிருந்து அம்மா கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

18, 21 வரம்பு உள்ள ஷோதான் சிக்கல். இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பல வாசல்களில் ஏற்பதில்லை, சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை. டிக்கெட் கையில் இருந்தும் என்னை ஒரு கிளப் வாசலில் இதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பணமும் திரும்பவில்லை. பாஸ்போர்ட் காட்டினால் எங்கும் செல்லும், ஆனால் அதைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டம் மோதி ஆடுகிற மோஷ் பிட்டுக்குள் போவது பைத்தியக்காரத்தனம். கல்லூரி தரும் ஐ-20, நாட்டுக்குள் வந்ததைப் பதிவு செய்யும் ஐ-94, விசா முத்திரை எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு புத்தகம்தான். தொலைந்தால் தூதரகம், போலீஸ் புகார் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

ஆகவே மாநில ஐடி எடுத்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வண்டி ஓட்டாதவர்களுக்கும் அடையாள அட்டை உண்டு. மேரிலாந்தில் எம்விஏ (மாநில மோட்டார் வாகனத் துறை) அலுவலகத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போகும்போது பாஸ்போர்ட், விசா, ஐ-94, மாணவர்கள் என்றால் ஐ-20, வேலை விசா என்றால் ஐ-797, சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது அது கிடைக்காது என்பதற்கான கடிதம், முகவரிச் சான்று இரண்டு எடுத்துப் போங்கள். முகவரிச் சான்றில் எல்லாரும் மாட்டுவார்கள். அறைத் தோழர் பெயரில் இருக்கிற கரண்ட் பில் உங்களுக்கு உதவாது. வங்கி ஸ்டேட்மென்ட்டை உங்கள் பெயரில், இப்போதைய முகவரிக்கு வரும்படி முன்பே மாற்றி வையுங்கள். அட்டையை அன்றே கையில் தர மாட்டார்கள், அஞ்சலில்தான் வரும். அதுவரைக்கும் தருகிற தாள் பல கிளப் வாசல்களில் செல்லாது. ஷோவுக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழகிய பிறகு, “இன்னைக்கு மெர்ச் மேசையில் நிக்கிறியா, 50 டாலர் தரோம்” என்று ஏதாவது ஒரு குழு கேட்கும் (மெர்ச் என்றால் குழு விற்கிற டி-ஷர்ட், இசைத்தட்டு போன்றவை). அனுமதியில்லாத வேலை அது. மறுத்துவிடுங்கள்.

5. காது

சின்ன அறையில் சத்தம் 100 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு இது: 85 டெசிபெலில் 8 மணி நேரம்வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். முதல் குழு வாசித்து முடிப்பதற்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்ப்ளக் சில டாலர்தான். நன்றாக உருட்டிக் காதுக்குள் விட்டு, விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா காதின் வாசலில் செருகினால் பயனில்லை. பாட்டு மங்கலாகக் கேட்கிறது என்று தோன்றினால் இசைக்காகவே செய்த இயர்ப்ளக் 20, 30 டாலருக்குக் கிடைக்கிறது, வருடக்கணக்கில் உழைக்கும். சின்னப் பையன்கள் போடாமல் நிற்பார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் போடாமல் இருக்காதீர்கள்.

6. எதைப் போடுவது, எதைக் கழற்றுவது

பங்க் வேஷம் எதுவும் வேண்டாம், டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போதும். மூடிய ஷூ, இரட்டை முடிச்சு. செருப்பு போட்டு வந்தால் கால் விரல் போச்சு. கழுத்துச் செயின், தாலி, ஜிமிக்கி, வளையம், வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மூக்குத்தி சின்னதாக இருந்தால் பரவாயில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் லென்ஸ் போடலாம், அல்லது விளையாட்டு வீரர்கள் கட்டுகிற பட்டையை மாட்டிக்கொள்ளலாம். நீளமான தலைமுடியைக் கட்டிவிடுங்கள். முதுகுப் பை கூடவே கூடாது, பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் கனமான கோட்டைக் காரில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுங்கள். உள்ளே ஐந்தே நிமிடத்தில் வியர்க்கும்.

ஜிப் வைத்த பாக்கெட்டில் ஃபோன், ஐடி, ஒரு கார்டு, கொஞ்சம் பணம். அவ்வளவுதான்.

7. நேரக் கணக்கு

டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும். “டோர்ஸ்” என்பது கதவு திறக்கிற நேரம், “ஷோ” என்பது முதல் குழு தொடங்குகிற நேரம். கதவு 6:30, ஷோ 7 என்று போட்டிருந்தால் 7க்கே தொடங்கிவிடும். நம் ஊர்க் கச்சேரிபோல ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் என்று நினைத்து 8:30க்குப் போனால் இரண்டு குழு முடிந்திருக்கும். முதல் குழுக்கள் 15, 20 நிமிடம்தான் வாசிக்கும், கடைசிக் குழுவே முக்கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும். பத்தரைக்கெல்லாம் வெளியே வந்துவிடலாம். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வசதி.

யார் எத்தனை மணிக்கு என்பதை அன்று மதியம் அரங்கமோ குழுவோ இன்ஸ்டாகிராமில் போடும். முதல் குழுவைக் கட்டாயம் பாருங்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கு நீங்கள் கேட்கப்போகும் குழு அதுவாகத்தான் இருக்கும்.

வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மார்க் என்கிற புறநகர் ரயிலில் போவதாக இருந்தால் திரும்பி வரும் கடைசி ரயிலை முதலில் பாருங்கள். வார இறுதி அட்டவணை தனி. காரில் போனால் தெருவில் நிறுத்தும் முன் பலகையை முழுசாகப் படியுங்கள். குடியிருப்போர் அனுமதி வேண்டிய தெருவில் விட்டுவிட்டால் அபராதம் டிக்கெட் விலையைத் தாண்டிவிடும்.

8. உள்ளே எங்கே நிற்பது

நுழைந்ததும் ஒரு நிமிடம் அறையைப் பாருங்கள். மேடைக்கு நேர் எதிரே நடுவில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். யாரும் நிற்காத நல்ல இடமாச்சே என்று போய் நிற்காதீர்கள். முதல் அடி விழுந்ததும் அதுதான் பிட். கை வீசி, கால் வீசி, குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்கள். முதல் முறை போகிறவர்களுக்குப் பக்கச் சுவரோரம், மேடையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிற்பது சரி. ஒலி மேசைக்குப் பக்கத்தில் நின்றால் சத்தம் மிகத் தெளிவாக இருக்கும், யாரும் மேலே விழவும் மாட்டார்கள்.

பிட்டின் விளிம்பில் நிற்கிறவர்கள் நெஞ்சுக்கு முன்னால் கையை மடக்கி வைத்திருப்பதைக் கவனியுங்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு பிட்டுக்கு முதுகு காட்டி நிற்கிறவருக்குத்தான் முதல் அடி. பாட்டு வேகமாகப் போய்த் திடீரென்று மெதுவாகி, கிட்டார் கனமாக இறங்கினால் அதுதான் பிரேக்டவுன், அடி பலமாக விழுகிற நேரம். அது வரப்போவதை டிரம்ஸ் ஓரிரு நொடிக்கு முன்பே சொல்லிவிடும். அந்த நொடியில் ஓரடி பின்னால் போய்விடுங்கள்.

யாராவது விழுந்தால் சுற்றி இருக்கிற நாலைந்து பேர் உடனே கையைப் பிடித்துத் தூக்குவார்கள். நீங்களும் தூக்க வேண்டும், இதில் விலக்கே இல்லை. ஒரு முறை பாட்டு நடுவில் ஒரு பையன் ஒற்றை ஷூவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றான். சுற்றி அத்தனை பேர் மோதுகிறார்கள், ஷூ மட்டும் ஆடவில்லை. ஷூவுக்குச் சொந்தக்காரி நொண்டிக்கொண்டே வந்து வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினாள். கண்ணாடி, ஃபோன், சாவி எது கிடைத்தாலும் இப்படித் தூக்கிக் காட்டுவதுதான் வழக்கம்.

மேடையிலிருந்து குதிக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். முதல் ஷோவில் வேண்டாம். பிறகு குதித்தாலும் கூட்டம் அடர்த்தியாக, உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் குதியுங்கள். கால் முன்னே போகக் கூடாது. மேடையில் நின்று கையசைத்துக்கொண்டும் இருக்காதீர்கள், ஏறியதும் போய்விட வேண்டும். தடுப்பு வைத்த பெரிய அரங்கில் இதைச் செய்தால் காவலர்கள் வெளியே போட்டுவிடுவார்கள்.

பெண்களுக்கு: முன்பைவிட இப்போது பெண்கள் நிறைய வருகிறார்கள், மேடையிலும் இருக்கிறார்கள். சாண்டா குரூஸின் ஸ்கவுல் குழுவின் பாடகி கேட் மாஸ் ஓர் எடுத்துக்காட்டு. இருந்தாலும் யாராவது வேண்டுமென்றே கை வைத்தால் சகித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடமோ வாசல் ஆளிடமோ சொல்லுங்கள். சின்ன ஷோவில் பாடகரே பாட்டை நிறுத்திவிட்டு அந்த ஆளை வெளியேற்றுவதும் உண்டு.

9. அடிபட்டால்

சிராய்ப்பு, உதடு வீக்கம் எல்லாம் சகஜம், பாரில் ஐஸ் கேட்டால் தருவார்கள். மூக்கு, பல், தலை என்றால் விளையாடாதீர்கள். காப்பீட்டு அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள். எலும்பு முறிவோ தலையில் அடியோ என்றால் நேராக எமர்ஜென்சி. தையல் போடுகிற அளவு வெட்டு, சுளுக்கு என்றால் அர்ஜன்ட் கேர் என்கிற சிறு சிகிச்சை மையம் போதும், செலவும் பல மடங்கு குறைவு. ஆனால் அவற்றில் பல இரவு 8 மணி சுமாருக்கு மூடிவிடும், நீங்கள் மறுநாள் காலைதான் போக முடியும். உங்கள் காப்பீட்டில் டிடக்டிபிள் எவ்வளவு என்பதை ஷோவுக்கு முன்பே தெரிந்துவைத்திருங்கள். அந்தத் தொகை வரை உங்கள் பைதான்.

10. மெர்ச் மேசை

டிக்கெட் காசில் முதல் குழுக்களுக்குப் போவது கொஞ்சம்தான். பெட்ரோல் போட்டு அடுத்த ஊருக்குப் போவது டி-ஷர்ட் விற்ற பணத்தில். டி-ஷர்ட் 25, 30 டாலர், இசைத்தட்டும் ஏறக்குறைய அதேதான், கேசட் 10 டாலருக்குள். ஆம், கேசட் இன்னும் போடுகிறார்கள். சின்னக் குழுக்களின் முதல் டெமோ பெரும்பாலும் அதில்தான் வரும், பாட்டை இறக்கிக்கொள்ளக் குறியீடும் கூடவே இருக்கும். உங்களுக்குப் பொருந்துகிற டி-ஷர்ட் அளவு கடைசிக் குழு முடிவதற்குள் தீர்ந்துவிடும், எனவே பிட் ஆசை இல்லாதவர்கள் இடைவேளையிலேயே வாங்கிக் காரில் வைத்துவிடுங்கள். கார்டு வாங்குவார்கள், ஆனால் 20 டாலர் நோட்டு இரண்டு கையில் இருந்தால் வரிசை சீக்கிரம் நகரும்.

அன்று காசு இல்லையென்றால் குழுக்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் அந்தக் குழுவின் பக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தளம் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் பிடிக்கும். குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும், அந்த நாளில் வாங்கினால் குழுவுக்கு அதிகம் போகும்.

மொத்தத்தில் டிக்கெட் 25, போக வர 15, சாப்பாடு 15, டி-ஷர்ட் 30 என்று ஓர் இரவுக்கு 85 டாலர் ஆகும். டி-ஷர்ட்டை விட்டுவிட்டால் 55. இரண்டாவது ஷோவிலிருந்து இன்னும் குறையும், ஏனென்றால் காரில் சேர்ந்து போக அதற்குள் யாராவது கிடைத்திருப்பார்கள். மறுநாள் காதில் லேசாக இரைச்சல் இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு நாளைத் தாண்டியும் நின்றுவிடாமல் ஒலித்தால் காது மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள், அடுத்த ஷோவுக்கு இன்னும் நல்ல இயர்ப்ளக் வாங்கிக்கொள்ளுங்கள்.